கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் வேண்டும்

(இராமநாதபுரம் ஜில்லாவில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். சிலர் இரவு ஷிப்டுக்குப் போகவேண்டும். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

மழைக்காலம் வந்தால் பத்திரிகையில் ஒரு செய்தி படிக்கிறோம்: “பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.” கூண்டுகளுக்கு ஒன்று முதல் பதினொன்று வரை எண் உண்டு. ஒன்றும் இரண்டும் என்றால் அபாயம் தூரக்கடலில் இருக்கிறது. எட்டு, ஒன்பது, பத்து என்றால் பேரபாயம். அப்படியானால் பதினொன்று எது? பத்தை விடப் பெரிய புயலா? இல்லை. வானிலை ஆபீசுடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, துறைமுக அதிகாரி தாமாகவே நிலைமையை அபாயம் என்று கருதுகிறார் என்பதுதான் பதினோராம் எண்ணின் பொருள்.

எண்ணிப் பாருங்கள். பேரபாயத்துக்கும் அடுத்த படியில் எதை வைத்திருக்கிறார்கள்? கேட்பதற்கு ஆள் இல்லாத நிலையை, சொல்வதற்கு வழி இல்லாத நிலையை வைத்திருக்கிறார்கள். கடலோடு பழகியவர்கள் அனுபவத்தில் கண்டறிந்த உண்மை இது. நம் குடிசைகளில் புயல் இல்லாத நாளிலும் இந்தப் பதினோராம் எண் கூண்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை எப்படி இறக்குவது என்பதுதான் இன்றைய பேச்சு.

தனுஷ்கோடி சொல்லும் பாடம்

நம் ஜில்லாவில் தனுஷ்கோடியை அறியாதவர் கிடையாது. 1914ம் வருஷம் முதல் அங்கே ரயில் போயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போயிற்று. தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், சுங்க ஆபீஸ் எல்லாம் இருந்த ஊர் அது. 1964ம் வருஷம் டிசம்பர் 22ந் தேதி இரவு அந்த ஊரைப் புயல் அடித்தது. கடல் எழும்பி ஊருக்குள் புகுந்தது.

அன்று நள்ளிரவுக்குச் சற்று முன்னால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் ரயில் புறப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்கள் அதில் இருந்தார்கள். தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கும்போது சிக்னல் விளக்கு எரியவில்லை. டிரைவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். எதிரே ஒரே இருட்டு. முன்னே என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. கம்பி அறுந்து கிடந்தது. விசில் கொடுத்துவிட்டு மெதுவாக நகர்ந்தார். ராட்சத அலை வந்து அத்தனை பேரையும் வண்டியோடு கொண்டுபோயிற்று. அந்த ரயில் என்ன ஆயிற்று என்ற செய்தி வெளியுலகத்துக்கு உறுதியாகத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. இந்தியக் கரையிலும் இலங்கைக் கரையிலுமாக அந்தப் புயலில் மாண்டவர்கள் ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேல் என்று கணக்கு. பிறகு தனுஷ்கோடி மனிதர் குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்தது.

புயலைத் தடுக்க யாராலும் முடிந்திராது, வாஸ்தவம். ஆனால் அந்த வண்டியைப் பாம்பனிலேயே நிறுத்த முடிந்திருக்குமே! “வராதே, நில்” என்ற ஒரே ஒரு சொல் போய்ச் சேர்ந்திருந்தால் போதும். அந்த ஒரு சொல்லுக்கு வழி இல்லாமல் போயிற்று.

இரண்டு மணி நேரம் போதாதா?

நாற்பது வருஷம் கழித்து, அதே டிசம்பர் மாதம். 2004ம் வருஷம் 26ந் தேதி காலை ஆறரை மணிக்குச் சுமத்திரா அருகே கடலடியில் பூமி நடுங்கியது. சுனாமி அலை நம் தமிழகக் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இராமநாதபுரம் கரையை இலங்கைத் தீவு மறைத்து நின்றதால் பெரும்பாலும் தப்பித்தோம். நாகப்பட்டினம் தப்பவில்லை. தமிழ்நாட்டில் சுமார் எட்டாயிரம் பேர் மாண்டார்கள். அதில் ஆறாயிரம் பேருக்கு மேல் நாகை ஜில்லாவில் மட்டும்.

இரண்டு மணி நேரம், தோழர்களே! கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கிழவியைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு, மேட்டுக்குப் போய்ச் சேர அரை மணி போதும். ஆனால் கரைக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. இந்துமகா சமுத்திரத்துக்குச் சுனாமி எச்சரிக்கை நிலையமே அப்போது கிடையாது. ஹைதராபாத்தில் அது வேலை செய்யத் தொடங்கியது 2007ல்தான்.

ஆனால் அன்றைக்கே, புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ கிராமத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் உயிர் தப்பினார்கள். அலையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. படகுகளும் வீடுகளும் போயின; மனிதர்கள் பிழைத்தார்கள். எப்படி?

அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். டெலிவிஷனில் சேதியைப் பார்த்தார். உடனே வீட்டுக்குப் போன் செய்தார். ஊருக்குள் தண்ணீர் வருகிறது என்று வீட்டார் சொன்னார்கள். “எல்லோரும் ஊரை விட்டு ஓடுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்” என்றார். அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் ஒன்று இருந்தது. அன்று அது பூட்டிக் கிடந்தது. ஊரார் பூட்டை உடைத்தார்கள். ஒலிபெருக்கியைப் போட்டார்கள். குரல் போன இடமெல்லாம் ஜனங்கள் எழுந்து ஓடினார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஒலிபெருக்கி ஆபத்துக்கென்று வாங்கி மூலையில் போட்டு வைத்தது அல்ல. கடலில் இன்று அலை எத்தனை உயரம், சந்தையில் மீன் என்ன விலை என்று நாள்தோறும் அதில் சொல்லி வந்தார்கள். ஜனங்களின் காது அந்தக் குரலுக்குப் பழகியிருந்தது. ஆகவே ஆபத்து என்று அது சொன்னபோது, “யார் இது? எதற்குக் கத்துகிறான்?” என்று எவரும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தினமும் பேசுகிற குரலைத்தான் ஜனங்கள் ஆபத்தில் நம்புவார்கள்.

நம் ஜில்லாவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2016ம் வருஷம் முதல் பாம்பனில் ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி, 90.4ல் பேசி வருகிறது. மீனவர்களுக்காக நடக்கும் வானொலி. காற்று எப்படி, அலை எப்படி என்று மீனவன் பேசுகிற தமிழில் சொல்கிறார்கள். பாட்டுக் கேட்கத் திறந்த ரேடியோ, புயல் வருகிற அன்று எச்சரிக்கைக் கருவியாகிறது.

ஒக்கிப் புயலில் அறுந்த கம்பி

இனி 2017ம் வருஷம். நவம்பர் 30ந் தேதி கன்னியாகுமரிக் கடலில் ஒக்கிப் புயல் வீசியது. அன்று காலையில்தான் அது புயல் என்று அறிவிக்கப்பட்டது. அதற்குள் மீனவர்கள் கடலுக்குப் போய்விட்டார்கள். ஆழ்கடலுக்குப் போகிற தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் கரையை விட்டுப் பல நாட்கள் ஆகியிருந்தன. கரையை விட்டுச் சில மைல் போனால் செல்போன் வேலை செய்யாது. வயர்லெஸ்ஸும் ஓரளவு தூரத்துக்குத்தான் எட்டும். சர்க்கார் அறிவித்த எச்சரிக்கை கரையிலேயே நின்றுவிட்டது.

தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கள் ஆட்களை இழந்தன. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள், எந்தப் படகில் யார் யார் என்ற கணக்கே சர்க்கார் கையில் சரியாக இல்லை. அந்தக் கணக்கை யார் எடுத்தது? கரையோர ஜனங்களே எடுத்தார்கள். மாதா கோயில் வாசலில் உட்கார்ந்து, வீடு வீடாகக் கேட்டு, பெயர் பெயராக எழுதினார்கள். மீனவர்கள் தங்கள் படகை எடுத்துக்கொண்டு தேடிப் போனார்கள். டிசம்பரில் ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறையில் ரயில் பாதையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? “எங்கள் ஆட்களைத் தேடுங்கள்” என்பதுதான். அந்த ஒரு வாக்கியம் உரிய இடத்தில் போய் விழ ரயிலை மறிக்கவேண்டி வந்தது என்றால், கூப்பிட்ட குரலுக்கு அங்கே ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்?

சுவரில் எழுதிய எண்

“கடல் விஷயம், நமக்கென்ன?” என்று கண்மாய்ப் பக்கத்திலிருந்து வந்த தோழர்கள் நினைக்கக்கூடாது. என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஐப்பசி மாதம், ஒரு கிராமத்தில் தங்கியிருந்தேன். மூன்று நாளாக அடைமழை. இரவு பதினோரு மணிக்கு ஒரு விவசாயத் தொழிலாளி வந்து கதவைத் தட்டினார். “அண்ணே, கண்மாய்க் கரை கசியுது. மடைக்குப் பக்கத்துல மண்ணு இறங்குது” என்றார். கரைக்குக் கீழேதான் ஆதிதிராவிடர் குடியிருப்பு. அறுபது எழுபது வீடுகள். அந்த ஊர்ப் பொதுக்கட்டிடச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது: “அவசர உதவிக்கு அழைக்கவும்.” கீழே ஓர் எண். டார்ச் அடித்துப் பார்த்து, அந்த எண்ணுக்குப் போன் செய்தோம். ஐந்து முறை அடித்த பிறகு ஒருவர் எடுத்தார். “நான் அங்கிருந்து மாற்றலாகி இரண்டு வருஷமாச்சே!” என்றார். யாரைக் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை. அவர் மேல் குற்றமில்லை. தூங்குகிற மனிதரை எழுப்பியதற்கு நாங்கள்தான் மன்னிப்புக் கேட்டோம்.

அன்று அந்த ஜனங்களைக் காப்பாற்றியது எது தெரியுமா? அடுத்த தெருப் பள்ளிவாசலின் மைக். இளைஞர்கள் ஓடிப்போய் எழுப்பினார்கள். “கரை உடையப் போகுது, பிள்ளைகளைத் தூக்கிட்டு மேட்டுக்கு வாங்க” என்று பள்ளிவாசலிலிருந்து குரல் வந்தது. பெண்களும் குழந்தைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். ஆண்கள் மண்வெட்டியும் சாக்குமாய்க் கரைக்கு வந்தார்கள். விடியும் வரை மண்மூட்டை அடுக்கிக் கரையை நிறுத்தினோம்.

சுவரில் எழுதிய எண் ஊமையாயிற்று. பக்கத்துத் தெரு பேசியது. இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எண் யாரையும் காப்பாற்றாது. எண்ணுக்குப் பின்னால் விழித்திருக்கிற ஓர் ஆள்தான் காப்பாற்றுவார்.

இது உலகம் முழுவதற்கும் பொருந்துகிற பாடம். 1935ம் வருஷம் லண்டனில் ஒரு வீடு தீப்பற்றியது. எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிடப் போனை எடுத்தார். எக்ஸ்சேஞ்சில் மற்ற அழைப்புகளோடு அவரையும் வரிசையில் காக்க வைத்துவிட்டார்கள். ஐந்து பெண்கள் மாண்டார்கள். அவர் பத்திரிகைக்கு எழுதினார். நாடு கொதித்தது. அதன் பிறகே, 1937ல், ஆபத்துக்கென்று 999 என்ற தனி எண் அங்கே வந்தது.

மில் தொழிலாளிக்குத் தெரிந்த வேலை

சரி, நாம் என்ன செய்யவேண்டும்? இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. மில் தொழிலாளித் தோழர்களைக் கேளுங்கள். ஷிப்டு முடிந்து சங்கு ஊதினாலும், தன் சைடை மாற்றாளிடம் ஒப்படைத்துவிட்டுத்தானே நகருகிறீர்கள்? எந்த பிரேமில் நூல் அதிகம் அறுகிறது என்று சொல்லிவிட்டுத்தானே போகிறீர்கள்? உதவி எண் நடத்துவதும் அதே வேலைதான். மூன்று ஷிப்டு, ஒருவர் மாற்றி ஒருவர், சொல்லாமல் விட்டுப் போகக்கூடாது. அவ்வளவே.

ஊருக்கு ஒரு கமிட்டி போடுங்கள். பத்துப் பேர் போதும். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். பகலில் ஊரில் இருப்பவர்கள் அவர்கள்தான். மூன்று போன் எண்களைத் தேர்ந்தெடுங்கள். எந்த நேரத்துக்கு எந்த எண் என்று சுவரில் எழுதுங்கள். மாதம் ஒரு முறை நடு ராத்திரியில் கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்காத எண்ணை அடுத்த நாளே அழித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவர், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, யார் இரவு ஷிப்டுக்குப் போய்விட்டு வீட்டில் பிள்ளைகள் தனியே இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். கடலோர ஊரில் இன்று எந்தப் படகில் யார் போனார்கள் என்று எழுதுங்கள். தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போகிற பெண்கள் தண்ணீருக்குள் போன் வைத்துக்கொண்டா இறங்குகிறார்கள்? அவர்கள் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கரையில் ஓர் ஆள் எண்ணட்டும்.

எல்லாம் செல்போனில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். 2018ம் வருஷம் நவம்பரில் கஜாப் புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்டு போயிற்று. போன் கோபுரமும் ஊமையாயிற்று. காகிதமும் கைமைக்கும் சைக்கிளும்தான் மிஞ்சும். ஆகவே பாட்டரியில் ஓடுகிற ஒலிபெருக்கி ஒன்று ஊரில் இருக்கவேண்டும். கோயிலோ, பள்ளிவாசலோ, மாதா கோயிலோ, எது உயரமோ அங்கிருந்து பேசுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: குரல் முதலில் போகவேண்டியது ஊரின் கடைசித் தெருவுக்கு. தாழ்ந்த நிலத்தில் யாரைக் குடிவைத்திருக்கிறார்களோ, அவர்களுக்கு. இதுவரை அவர்களுக்குக் கடைசியில்தான் செய்தி போயிற்று. தண்ணீர் மட்டும் முதலில் போயிற்று.

வதந்தி கூடாது. யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்று எழுதிவிட்டு, ஊர்ஜிதம் செய்த பிறகு மைக்கில் பேசுங்கள்.

இது கனவல்ல. 1970ல் பெரும்புயலில் லட்சக்கணக்கான ஜனங்களைப் பறிகொடுத்த வங்கதேசத்தில் 1972ல் புயல் எச்சரிக்கைத் தொண்டர் படை அமைத்தார்கள். கைமைக்கும் கொடியும் சைரனும் எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போய்ச் சொல்கிற படை. இன்று அதில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், அதிலும் சரிபாதி பெண்கள். நம்மைப் போல ஏழை நாடுதான் அது. செய்திருக்கிறார்கள்.

சர்க்கார் தப்பித்துக்கொள்ள விடமாட்டோம்

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். “ஜனங்களே பார்த்துக்கொள்கிறார்கள்” என்று சர்க்கார் கையை உதறிவிட நாம் இடம் கொடுக்கக்கூடாது. கிராமத்துக் கமிட்டி படகைத் தேட விமானம் அனுப்ப முடியாது. கரை உடைந்தால் பொக்லைன் கொண்டுவர முடியாது. நம் வேலை செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சேர்ந்த செய்திக்கு வேலை செய்வது சர்க்காரின் கடமை.

இன்று எண்கள் இருக்கின்றன. ஜில்லா கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. ஆம்புலன்சுக்கு 108. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093. இவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் எடுப்பவர் பெயர், நேரம், அவர் சொன்ன பதில் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகச் செய்த ஊழியரை வாயாரப் பாராட்டுவோம். எடுக்காமல் போனால் அந்த நோட்டுத்தான் நமக்குச் சாட்சி. வெறும் கையோடு போய் முறையிட்டால் “விசாரிக்கிறோம்” என்பார்கள். மணி, நிமிஷத்தோடு போனால் பதில் சொல்லியாகவேண்டும்.

நம் கோரிக்கைகளும் எளியவைதான். நாட்டுப்படகுக்கும் தகவல் கருவி வேண்டும். அதன் விலையைக் கூலி மீனவன் தலையில் கட்டக்கூடாது. போன் கோபுரங்களுக்குப் புயல் நாட்களில் தாங்குகிற பாட்டரி வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் ராத்திரியும் போதிய ஆட்கள் வேண்டும், காலியிடங்களை நிரப்பவேண்டும். எச்சரிக்கை, ‘மில்லிபார்’ கணக்கில் அல்ல, “இன்ன ஊர், இன்ன நேரம், இன்ன இடத்துக்குப் போ” என்ற தமிழில் வரவேண்டும். புயல் என்று வேலையை விட்டுக் கரையேறிய நாளுக்கும், கண்மாயைக் காக்கப் போன நாளுக்கும் கூலி கிடைக்கவேண்டும். கூலி போய்விடும் என்ற பயம் இருந்தால் எந்த எச்சரிக்கையும் காதில் ஏறாது. பசிதான் ஜனங்களைக் கடலுக்குத் தள்ளுகிறது.

தோழர்களே, 2024ம் வருஷம் நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். வானம் நமக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பெய்வதில்லை. அடுத்த ஐப்பசி வருகிறது, கார்த்திகை வருகிறது.

தனுஷ்கோடியில் சிக்னல் எரியாமல் நின்ற அந்த வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் விசில் கொடுத்துக்கொண்டு ஒரு தொழிலாளி நிற்கிறார். முன்னால் போகலாமா, கூடாதா என்று கேட்கிறார். பதில் சொல்ல ஆள் இல்லை. நம் ஜில்லாவில் எந்தத் தொழிலாளியும், எந்தத் தாயும் இனி அப்படி இருட்டில் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. கேட்கிற குரலுக்கு “இருக்கிறேன், சொல்லுங்கள்” என்று எடுக்க ஊருக்கு ஊர் ஆள் இருக்கவேண்டும்.

இன்று கூட்டம் முடிந்து போகும்போது, ஊருக்கு மூன்று பேர் வீதம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். நோட்டு இங்கே மேஜையில் இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது, இரவு ஷிப்டு.